பழவேற்காடு நாணயச்சாலை முதல் கிரிப்டோ வாலட் வரை: செல்வக் காவலின் வரலாறு

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கடற்கரை ஊர். தமிழ்நாட்டுக்கும் ஆந்திரப் பிரதேசத்துக்கும் பொதுவாக விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் முதலிய மீனவக் குப்பங்கள் இந்த ஏரியையும் அதனை ஒட்டிய கடலையும் நம்பி வாழ்கின்றன. இன்று மீனுக்கும் இறாலுக்கும் பறவைகளுக்கும் பெயர்பெற்ற இவ்வூர், 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது. அங்கே ஒரு நாணயச்சாலையும் இயங்கியது.

கைக்கு வந்த செல்வத்தை எங்கே வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது, அவர் கைவிட்டால் என்ன செய்வது என்னும் கேள்விகள் நாணயம் தோன்றிய காலம் முதல் உள்ளவை. கிரிப்டோ நாணயம் இக்கேள்விகளைத் தீர்த்துவிட்டதாகத் தொடக்கத்தில் பலர் நம்பினர். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்த பெரிய இழப்புகளில் பெரும்பாலானவை நாணயத்தின் குறையால் நேரவில்லை. அதைக் காத்தவர்களின் குறையால் நேர்ந்தவை. அந்த வகையில் இணைய வாலட்டின் கதை, பழவேற்காட்டுக் கோட்டைக் கருவூலத்தில் தொடங்கும் ஒரு நீண்ட கதையின் அண்மைய பகுதியே ஆகும்.

கெல்டிரியா கோட்டையும் நாணயச்சாலையும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கப்பட்டது. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு 1610இல் பழவேற்காட்டில் அது பண்டகசாலை அமைத்தது. 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதைத் தாக்கினர். அதன் பிறகே கற்கோட்டை எழுப்பப்பட்டது. 1613இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோட்டைக்குக் கெல்டிரியா என்று பெயர்.

கம்பெனி இங்கிருந்து பெரும்பாலும் துணிகளை வாங்கியது. அத்துணிகளைத் தென்கிழக்காசியாவில் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் பெற்றது. துணி வாங்கப் பணம் வேண்டும். பருவக்காற்றைப் பொறுத்தே கப்பல்கள் வந்தன. ஆகவே தங்கமும் வெள்ளியும் ஆண்டில் சில வாரங்களில் மொத்தமாக வந்து இறங்கின. செலவோ ஆண்டு முழுவதும் இருந்தது. வந்த உலோகத்தை உள்ளூர் மக்கள் ஏற்கும் நாணயமாக மாற்ற வேண்டும். மாற்றியதைச் செலவாகும் வரை காக்க வேண்டும். நாணயச்சாலையும் கோட்டைக் கருவூலமும் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை.

பழவேற்காட்டில் கம்பெனியின் முத்திரை பொறித்த செம்புக் காசுகளும், வராகன் எனப்படும் தங்க நாணயங்களும் அச்சிடப்பட்டன. ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள வராகனை ஐரோப்பியர் பகோடா என்றனர். அதனினும் சிறிய தங்க நாணயத்துக்குப் பணம் என்று பெயர். இன்று தமிழில் செல்வம் அனைத்தையும் குறிக்கும் சொல்லாக அது விரிந்துவிட்டது.

நாணயத்தை எவரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எடையும் மாற்றும் பார்த்துச் சொல்லச் சராபுகள் இருந்தனர். நாணயம் சோதிப்பவருக்கு வண்ணக்கர் என்னும் பெயர் சங்ககாலம் முதல் தமிழில் உண்டு. சங்கப் புலவர் சிலரின் பெயர்களிலேயே அச்சொல் காணப்படுகிறது. நாணயத்தை வெளியிட்டவரின் சொல்லை மட்டும் நம்பக்கூடாது, தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அக்காலத்து நடைமுறை.

நாணயத்தைச் சோதிப்பது எளிது. காவலரைச் சோதிப்பது கடினம். கம்பெனி நேரடியாக நெசவாளரிடம் துணி வாங்கவில்லை. அச்சுதப்ப செட்டி, சின்னண்ண செட்டி போன்ற பெருவணிகர்களிடம் முன்பணம் கொடுத்தது. அவர்கள் வழியாக அது சிறு வணிகர்களுக்கும் நெசவாளர்களுக்கும் சென்றது. துணி வந்து சேரும் வரை கம்பெனியின் பணம் பிறர் கையில் இருந்தது. பஞ்சமோ போரோ வந்தால் முன்பணம் திரும்பாமல் போகும்.

கோட்டைக்கு உள்ளேயும் ஆபத்து இருந்தது. கம்பெனியின் ஊழியர்களே தமக்கெனத் தனி வணிகம் செய்து கம்பெனிக்கு இழப்பு உண்டாக்கினர். இத்தகைய முறைகேடுகளை விசாரிக்க 1684இல் ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவருக்கு ஆணையர் பதவி அளிக்கப்பட்டது. மலபார் செடிகொடிகளைப் பற்றிய 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்னும் பெருநூலை உருவாக்கியவர் இவரே. இவருடைய ஆய்வுக் காலத்தை ஒட்டி, 1690இல் சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது. பழவேற்காடு படிப்படியாகத் தன் வணிகச் சிறப்பை இழந்து, 1825இல் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை அழிந்துவிட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் அக்காலத்தின் சான்றாக நிற்கிறது.

சுவரைத் தாண்டி வந்த பகைவரைக் கோட்டை தடுத்தது. சாவி வைத்திருந்தவரின் ஆசையைத் தடுக்க அதனால் முடியவில்லை.

ஏரியின் பாடு முறை

கோட்டைக்கு வெளியே, ஏரிக் குப்பங்களில் வேறொரு வகைக் காவல் இருந்தது. அதன் பெயர் பாடு. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவ்விடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஊர் வழக்கமே பாடு. உரிமையுள்ள குடும்பத்தினர் யார் யார் என்பதை ஊர் அறியும். சீட்டுக் குலுக்கி இடங்கள் ஒதுக்கப்படும். முறை மாறி மாறி வரும்.

இம்முறையின் வலிமை அதன் வெளிப்படையான தன்மையில் உள்ளது. இன்று யாருடைய முறை என்பது ஒருவர் மட்டும் வைத்திருக்கும் ரகசியம் அன்று. ஊரில் உள்ள எல்லோர் நினைவிலும் இருக்கும் கணக்கு. ஒருவர் பொய் சொன்னால் பலர் மறுப்பர். ஆகவே அந்த உரிமையைத் திருட்டுத்தனமாக மாற்றி எழுத முடியாது. பாடு முறை தன் உறுப்பினர் அல்லாதவர்களை விலக்கி வைக்கிறது என்னும் குறையும், அதனால் எழுந்த பூசல்களும் உண்டு. எனினும் பலர் கையில் உள்ள கணக்கு ஒருவர் கையில் உள்ள கணக்கைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கைப்பணத்தைப் பொறுத்தவரை தமிழகத்துக் கடற்கரை ஊர்களின் வழக்கம் மற்ற ஊர்களைப் போன்றதே. அன்றாடச் செலவுக்குச் சுருக்குப்பை, சேமிப்புக்கு நகை, பெரிய தேவைக்குச் சீட்டு. சுருக்குப்பையில் உள்ளது உடனே எடுக்க வசதியானது. எளிதில் பறிபோகக் கூடியதும் அதுவே. நகை பெட்டியில் இருக்கும், எடுக்க நேரமாகும். சீட்டுப் பணம் பிறர் கையில் இருக்கும். நடத்துபவர் நல்லவராக இருந்தால் மட்டுமே திரும்ப வரும். இந்த மூன்று வகைகளும் பின்னர் கிரிப்டோ உலகில் அப்படியே மீண்டும் தோன்றின.

1906: சென்னையில் ஒரு வீழ்ச்சி

பிறர் காவலில் வைத்த பணம் எப்படி மறையும் என்பதைச் சென்னை மாகாணம் 1906இல் கண்டது. ஆர்பத்நாட் கம்பெனி சென்னையின் மதிப்புமிக்க ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் ஒன்று. வங்கித் தொழிலும் நடத்தியது. அரசு ஊழியர்களும் வழக்கறிஞர்களும் ஓய்வூதியம் பெற்றவர்களும் அதில் பணம் போட்டிருந்தனர். 1906 அக்டோபர் 22 அன்று அது பணம் கொடுப்பதை நிறுத்தியது. வைப்புப் பணம் ஆபத்தான முதலீடுகளில் கரைந்துவிட்டது வெளியே தெரிந்தது. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இவ்வீழ்ச்சியின் விளைவாக வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். பின்னர், 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்ததைத் தொடர்ந்து, 1962 முதல் வைப்புப் பணத்துக்குக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. இன்று வங்கி ஒன்று முறிந்தால் வைப்பாளர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை கிடைக்கும். ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் ஒரு பாதுகாப்பு விதி உருவானது. கிரிப்டோ நாணயம் இந்த விதிகளுக்கு வெளியே பிறந்தது.

கிரிப்டோ நாணயமும் சாவியும்

சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவோ 2008 அக்டோபர் 31 அன்று பிட்காயின் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் கட்டம் பதிவானது. யாரிடம் எவ்வளவு உள்ளது என்னும் கணக்கை ஒரு வங்கி வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டை வைத்துக்கொள்கின்றன. இதுவே பிளாக்செயின் எனப்படுகிறது. பாடு முறையில் ஊரார் அனைவரும் கணக்கை அறிந்திருப்பது போன்றது இது. பலரிடம் உள்ள பேரேட்டை ஒருவர் திருத்துவது மிகக் கடினம்.

ஆனால் பாடு முறையோடு ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. குப்பத்தில் உரிமையாளரின் முகத்தை ஊர் அறியும். பிளாக்செயினுக்கு முகம் தெரியாது. தனிச்சாவி மட்டுமே தெரியும். தனிச்சாவி என்பது 256 பிட் நீளமுள்ள ஒரு மாபெரும் எண். அந்த எண்ணைக் கொண்டு ஒப்பமிட்டால் பணம் நகரும். ஒப்பமிட்டவர் உரிமையாளரா திருடரா என்று பேரேடு கேட்காது. நகர்ந்த பணத்தைத் திரும்ப அழைக்க மேலாளர் எவரும் இல்லை.

இங்கே வாலட் என்னும் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாலட்டுக்குள் நாணயம் இல்லை. நாணயம் பேரேட்டில் ஒரு பதிவாக உள்ளது. வாலட் காப்பது தனிச்சாவியை மட்டுமே. நீண்ட எண்ணை மனிதர் நினைவில் வைக்க முடியாது என்பதால், 2013 முதல் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைத் தேர்ந்து, அவற்றின் வழியே சாவியை மீட்கும் முறை பரவியது. இச்சொற்களின் வரிசை மீட்புச் சொற்றொடர் எனப்படும். அதை அறிந்தவர் எவரோ அவரே உரிமையாளர்.

வாலட்டுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, சுருக்குப்பை போன்ற இணைய வாலட். கைபேசிச் செயலியிலோ கணினியிலோ சாவி இருக்கும். எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்கும். இரண்டாவது, நகைப்பெட்டி போன்ற குளிர் வாலட். சாவி இணையத்தைத் தொடாத தனிக் கருவியிலோ காகிதத்திலோ உலோகத் தகட்டிலோ இருக்கும். மூன்றாவது, சீட்டு போன்ற எக்ஸ்சேஞ்ச் கணக்கு. சாவி வாடிக்கையாளரிடம் இருக்காது, நிறுவனத்திடம் இருக்கும். திரையில் தெரியும் எண், அந்நிறுவனம் தரவேண்டிய கடனின் அளவே ஆகும்.

உலகம் கண்ட இழப்புகள்

எக்ஸ்சேஞ்ச் வீழ்ச்சிகளில் முதல் பெரிய நிகழ்வு ஜப்பானில் நேர்ந்தது. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் நிறுவனம் 2014 பிப்ரவரியில் திவால் மனு அளித்தது. ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்கள் காணவில்லை என்று அறிவித்தது. பின்னர் பழைய வாலட் ஒன்றில் 2,00,000 பிட்காயின்கள் இருப்பது தெரியவந்தது. பணம் இழந்தவர்களுக்குப் பிட்காயினாகத் திருப்பித் தரும் பணி 2024 ஜூலையில்தான் தொடங்கியது. பத்தாண்டுக் காத்திருப்பு அது.

கனடாவின் குவாட்ரிகா சிஎக்ஸ் கதை இந்திய மண்ணைத் தொடுகிறது. அதன் நிறுவனர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். குளிர் வாலட்டுகளின் கடவுச்சொல் அவர் ஒருவருக்கே தெரியும் என்று முதலில் கூறப்பட்டது. வாடிக்கையாளர் பல்லாயிரம் பேரின் செல்வம் ஒரு மனிதரின் நினைவோடு புதைந்துவிட்டதாக உலகம் எண்ணியது. ஆராய்ந்தபோது அந்த வாலட்டுகளில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. காட்டன் போலிக் கணக்குகள் வழியாக வாடிக்கையாளர் பணத்தை வைத்து வணிகம் செய்து இழந்திருந்தார் என்று ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020இல் அறிக்கை வெளியிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் நிறுவனம் திவாலானது. அதன் நிறுவனர் சாம் பேங்க்மேன் ஃபிரைடுக்கு அமெரிக்க நீதிமன்றம் 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வாடிக்கையாளர் பணம் அவருடைய மற்றொரு நிறுவனத்தின் முதலீடுகளுக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஆர்பத்நாட் வீழ்ச்சியோடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படையானது.

தானே சாவி வைத்திருப்பவர்களுக்கும் இழப்பு உண்டு. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் 2013இல் ஏறத்தாழ 8,000 பிட்காயின்களின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் ஒன்று தவறுதலாகக் குப்பைக்குப் போனது. அதன் உரிமையாளர் குப்பைக் கிடங்கைத் தோண்டப் பல ஆண்டுகள் அனுமதி கேட்டும் பயனில்லை. நாணயம் இன்றும் பேரேட்டில் உள்ளது, திறக்கத்தான் ஆளில்லை.

இந்தியாவில்

இந்திய ரிசர்வ் வங்கி 2013 டிசம்பர் 24 அன்றே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. மெய்நிகர் நாணயங்கள் மின்னணு வாலட்டுகளில் வைக்கப்படுவதால், ஹேக்கிங், கடவுச்சொல் இழப்பு, தீநிரல் தாக்குதல் ஆகியவற்றால் நிரந்தர இழப்பு நேரலாம் என்று அதன் அறிவிப்பு எச்சரித்தது. 2018 ஏப்ரல் 6 அன்று, கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை வழங்க வங்கிகளுக்குத் தடை விதித்தது. அதே மாதம் டெல்லியைச் சேர்ந்த காயின்செக்யூர் என்னும் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 438 பிட்காயின்கள் திருடுபோயின. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரிசர்வ் வங்கியின் தடையை நீக்கியது.

2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் பரிமாற்றத் தொகையில் 1 விழுக்காடு வரி பிடித்தமும் நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சில் கிரிப்டோ நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. வரியும் கண்காணிப்பும் வந்தன. வைப்புக் காப்பீடு வரவில்லை.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயங்கள் திருடப்பட்டன. அந்த வாலட் ஒற்றைச் சாவி கொண்டதன்று. ஆறு பேரின் சாவிகள் அதற்கு இருந்தன. எக்ஸ்சேஞ்ச் தரப்பினர் மூவரும், காவல் சேவை அளித்த லிமினல் என்னும் வெளி நிறுவனமும் ஒப்பமிட்டால்தான் பணம் நகரும். அப்படியிருந்தும் திருட்டு நடந்தது. திரையில் தெரிந்த பரிமாற்றமும் உண்மையில் ஒப்பமிடப்பட்ட பரிமாற்றமும் வெவ்வேறாக இருந்தன என்று வசீர்எக்ஸ் விளக்கியது. பொறுப்பு யாருடையது என்பதில் இரு நிறுவனங்களும் ஒன்றை ஒன்று சுட்டின. வட கொரியாவுடன் தொடர்புடைய ஹேக்கர்களே இதைச் செய்தனர் என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் 2025 ஜனவரியில் கூட்டறிக்கை விட்டன. அடுத்த மாதம் பைபிட் எக்ஸ்சேஞ்சில் ஏறத்தாழ 150 கோடி டாலர் இதே பாணியில் திருடுபோனது. 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 4.4 கோடி டாலரை இழந்தது. இழந்தது தன் சொந்த இருப்பு என்றும், வாடிக்கையாளர் நாணயங்கள் தொடப்படவில்லை என்றும் அது அறிவித்தது.

சாவியைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதை இந்நிகழ்வுகள் காட்டின. படிக்காமல் கைநாட்டு வைப்பவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் ஏமாற்றுக்காரருக்கு அது ஒன்றுதான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு

வசீர்எக்ஸ் திருட்டிலிருந்து எழுந்த வழக்கு ஒன்று தமிழ்நாட்டில் முக்கியமான தீர்ப்புக்கு வழிவகுத்தது. வாடிக்கையாளர் ஒருவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் செலுத்தி 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்கள் வாங்கியிருந்தார். பணம் சென்னையில் இருந்த அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து சென்றது. திருடப்பட்டவை எத்தீரியம் வகை நாணயங்கள், எக்ஸ்ஆர்பி திருடப்படவில்லை. ஆயினும் அனைவரின் கணக்குகளும் முடக்கப்பட்டன. இழப்பை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் வழியே முன்வைக்கப்பட்டது. தன் நாணயங்களைக் காக்கும்படி வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்.

2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ நாணயம் தொட்டுணரக்கூடிய பொருளும் அன்று, அரசு வெளியிடும் பணமும் அன்று. ஆயினும் அது சொத்தே, உடைமையாக வைத்து அனுபவிக்கக் கூடியது, ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக் கூடியது என்று அவர் கூறினார். ஹேக் செய்யப்பட்ட கிரிப்டோபியா என்னும் எக்ஸ்சேஞ்ச் குறித்து நியூசிலாந்து நீதிமன்றம் 2020இல் அளித்த தீர்ப்பையும் எடுத்துக்காட்டினார். நடுவர் விசாரணை முடியும் வரை வாடிக்கையாளருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கிடைத்தது.

இத்தீர்ப்பின் முக்கியத்துவம் அதன் தொகையில் இல்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள நாணயம் வெறும் திரை எண் அன்று, உரிமையாளருக்காக ஒருவர் காக்கும் சொத்து என்று ஓர் இந்திய உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆர்பத்நாட் வீழ்ச்சிக்குப் பின் வங்கிகளுக்கு நேர்ந்தது போல, காவலர்களுக்கான விதிகள் உருவாகத் தொடங்கியதன் அறிகுறியாக இதைக் கருதலாம்.

காக்கும் வழிகள்

முற்றிலும் ஆபத்தில்லாத வழி எதுவும் இல்லை. எந்த ஆபத்தை ஏற்பது என்பதைத் தெரிந்து தேர்வதே பாதுகாப்பு. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் முறைகள் வருமாறு.

- எக்ஸ்சேஞ்ச் கணக்கில் வாங்கவும் விற்கவும் தேவையான அளவை மட்டும் வைத்தல். நீண்டகாலச் சேமிப்பைக் குளிர் வாலட்டுக்கு மாற்றுதல்.
- மீட்புச் சொற்றொடரைக் கையால் எழுதி, நீரும் தீயும் அண்டாத இடத்தில் வைத்தல். உப்புக் காற்றும் வெள்ளமும் உள்ள கடற்கரை ஊர்களில் காகிதத்தைவிடத் துருப்பிடிக்காத உலோகத் தகடு நல்லது.
- அச்சொற்களைக் கைபேசியில் படம் எடுக்காமலும், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பாமலும் இருத்தல். எந்த நிறுவனத்தின் உண்மையான உதவி மையமும் அவற்றைக் கேட்பதில்லை, கேட்பவர் திருடரே.
- குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை மட்டும் நம்பாமல், உறுதிப்படுத்தும் செயலியைப் பயன்படுத்துதல். சிம் கார்டை மோசடியாக மாற்றி எடுப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி எளிதில் கிடைத்துவிடும்.
- பணம் அனுப்பும் முன் முகவரியின் எல்லா எழுத்துகளையும் ஒப்பிடுதல். முகவரியை நகலெடுக்கும்போதே மாற்றிவிடும் தீநிரல்கள் உள்ளன. முதலில் சிறு தொகையை அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்.
- தினமும் உறுதியான லாபம் தருவதாகச் சொல்லும் திட்டங்களை விலக்குதல். இத்தகைய மோசடிகளில் வாலட்டை யாரும் உடைப்பதில்லை. உரிமையாளரே தன் கையால் பணத்தை அனுப்பிவிடுகிறார்.

ஏமாற்றப்பட்டவர்கள் தாமதமின்றி 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து சென்ற பணத்தை முதல் சில மணி நேரத்தில் முடக்க வாய்ப்பு உண்டு. கிரிப்டோவாக மாறி வெளிநாட்டு வாலட்டுக்குச் சென்றபின் மீட்பது மிகக் கடினம்.

கடலோரக் குடும்பங்களும் வாரிசுரிமையும்

காவலின் மற்றொரு பக்கம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. திருடரிடமிருந்து காப்பது போலவே, உரியவருக்குச் சென்று சேரும்படி காப்பதும் காவலே. வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் உண்டு. நகைப்பெட்டி வீட்டில் இருப்பதைக் குடும்பம் அறியும். பாடு முறையில் குடும்பத்தின் உரிமையை ஊர் நினைவில் வைத்திருக்கும். தனிச்சாவிக்கு நியமனதாரர் இல்லை. ஒருவர் தன் மீட்புச் சொற்றொடரை எவருக்கும் சொல்லாமல் இறந்தால், அவருடைய மனைவி மக்கள் எந்த நீதிமன்றத்துக்குச் சென்றாலும் பிளாக்செயின் திறக்காது.

காலையில் படகேறியவர் மாலையில் திரும்புவார் என்னும் உறுதி இல்லாத கடல் தொழிலில் இக்கேள்வி கூர்மையானது. கைபேசி தண்ணீரில் விழுவது அங்கே அன்றாட நிகழ்வு. சாவி கைபேசியில் மட்டுமே இருந்தால் அதனோடு சேமிப்பும் மூழ்கும். ஆகவே மீட்புச் சொற்றொடர் உள்ள இடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிந்திருக்க வேண்டும். முத்திரையிட்ட உறையில் வைத்து வங்கிப் பெட்டகத்தில் வைப்பதும், சாவியை இரண்டு மூன்று பேரிடையே பிரித்து வைப்பதும், உயிலில் குறிப்பிடுவதும் உள்ள வழிகள். சொற்றொடரையே உயிலில் எழுதக்கூடாது. அது இருக்கும் இடத்தை மட்டும் எழுதலாம்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. கனத்தை யாரிடமாவது இறக்கி வைத்தால் பயம் தீரும் என்று கோட்டையிலும் வங்கியிலும் எக்ஸ்சேஞ்சிலும் மக்கள் இறக்கி வைத்தனர். சில காவலர்கள் காத்தனர், சிலர் கரைத்தனர். கெல்டிரியா கோட்டை மண்ணோடு மறைந்த பின்னும், பழவேற்காட்டுக் குப்பங்களில் பாடு முறையின் நினைவு எஞ்சியிருக்கிறது. பலர் அறிந்த கணக்கு நிலைத்தது. சாவி ஒருவர் கையில் மட்டும் இருந்த இடங்களில் இழப்பு நேர்ந்தது. கிரிப்டோ நாணயம் வாங்க எண்ணுபவர் விலை ஏறுமா இறங்குமா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: சாவி யாரிடம் இருக்கும்? அவர் இல்லாமல் போனால் அது யாரிடம் சேரும்?